கடைமடையின் வானிலையும் மனநலமும்: சீர்காழியை முன்வைத்து ஓர் ஆய்வு

2022 நவம்பர் 11ஆம் தேதி காலைக்கும் 12ஆம் தேதி காலைக்கும் இடையில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவம் முழுவதிலும் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மழையே ஏறக்குறைய அவ்வளவுதான். 122 ஆண்டுகளில் ஊர் காணாத மழை என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னால், 2016இல், இதே பருவத்தில் மாநிலத்துக்கு வந்தது 17 சென்டிமீட்டர்கூட இல்லை. பற்றாக்குறை 62 விழுக்காடு. தலைமுறைக்கு ஒரு முறை வரும் என்று பெரியவர்கள் சொல்லும் வறட்சியும் வெள்ளமும், ஒரு பிள்ளை நடுநிலைப் பள்ளியை முடித்து வெளியே வருவதற்குள் இரண்டுமே வந்துபோய்விட்டன.

இரண்டு முறையும் வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் கணக்கெடுத்தன. எத்தனை ஏக்கர் கருகியது, எத்தனை ஏக்கர் அழுகியது, எத்தனை கூரை விழுந்தது, எத்தனை மாடு செத்தது என்பதற்கெல்லாம் படிவம் உண்டு, நிவாரண விலையும் உண்டு. அந்த நாட்களில் தூக்கம் கெட்டவர்கள், வீட்டில் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள், அடங்கியிருந்த நோய் மறுபடி தலைதூக்கியவர்கள் எத்தனை பேர் என்பதற்குப் படிவம் கிடையாது. வானிலை மாறும்போது மனநல மருத்துவத்துக்கான தேவையும் மாறுகிறதா? மாறினால் எந்த வழியில்? அதற்கு ஒரு தாலுகா ஆஸ்பத்திரி முன்கூட்டியே தயாராக முடியுமா? இந்தக் கேள்விகளைக் காவிரியின் கடைமடையில் நின்று பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். வானிலை மூன்று வழிகளில் மனநலத்தைத் தொடுகிறது. முதலாவது உடல்: வெப்பம், தூக்கம், உட்கொள்ளும் மருந்து. இரண்டாவது பிழைப்பு: தண்ணீர், பயிர், கடன். மூன்றாவது பாதை: மூழ்கும் சாலை, ஓடாத பேருந்து, தீர்ந்துபோகும் மாத்திரை. மேலைநாட்டு ஆய்வுகள் முதல் வழியை நன்றாக அளந்திருக்கின்றன. சீர்காழி வட்டாரத்திலோ பாரம் முழுக்க இறங்குவது மற்ற இரண்டின்மேல்.

ஊர் நம்பிக்கையும் ஆய்வு முடிவும்

வானிலைக்கும் மனத்துக்கும் தொடர்புண்டு என்பதை நம் ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. வெயில் காலத்தில் பித்தம் தலைக்கேறும் என்பார்கள். அமாவாசை, பௌர்ணமிக்குக் கோளாறு கூடும் என்பார்கள். சித்த மருத்துவம் மனநோய்களைக் கிரிகை என்ற பெயரில் 18 வகையாகப் பிரித்து, அவற்றை வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வோடு இணைத்துப் பார்த்தது. அந்த மூன்றும் பருவத்துக்குப் பருவம் கூடிக் குறையும் என்பதும் அதே மருத்துவத்தின் கொள்கை.

இவற்றுள் நிலவு பற்றிய நம்பிக்கைக்கு ஆதரவு கிடைக்கவில்லை. மருத்துவமனைச் சேர்க்கைகளையும் அவசரப் பிரிவு வருகைகளையும் நிலவின் நாட்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை உறுதியான தொடர்பு எதையும் காணவில்லை. வெயில் பற்றிய நம்பிக்கை அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம், ஐரோப்பாவில் தற்கொலைகள் கூடுவது இருண்ட பனிக்காலத்தில் அல்ல, பகல் நீளும் மாதங்களில்தான் என்று 1897லேயே எடுத்துக்காட்டினார். இருமுனை மனநோயில் வரும் அதீத எழுச்சி நிலைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் வசந்தத்திலும் கோடையிலும் கூடுவதைப் பல நாட்டுப் பதிவேடுகள் காட்டுகின்றன.

பனிக்கால மனச்சோர்வின் கதை வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவினரும் 1984இல் விவரித்த இந்த நோய், பகல் வெளிச்சம் சில மணி நேரமாகச் சுருங்கிவிடும் நாடுகளின் பிரச்சினை. சீர்காழியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றேகால் மணி நேரந்தான். மார்கழியில் ஒருவர் சோர்ந்து கிடந்தால் அதற்குச் சூரியனைக் குறைசொல்ல முடியாது. அறுப்புக்கு முன்னால் கையில் காசில்லாத மாதம் அது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

வெப்பத்தை நேரடியாக அளந்த ஆய்வுகளில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, வெப்பநிலை 26.7 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மனநோய்ச் சேர்க்கைகள் கூடத் தொடங்குவதையும், வெப்ப அலை நாட்களில் அவை 7.3 விழுக்காடு அதிகரிப்பதையும் கண்டது. அமெரிக்காவில் காப்பீடு பெற்ற பெரியவர்களின் அவசரப் பிரிவு வருகைகளைப் பத்தாண்டுக்கு ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, மிகக் கடுமையான வெப்ப நாட்களில் மனநலக் காரணங்களுக்காக வருவோர் ஏறக்குறைய 8 விழுக்காடு கூடுவதாகச் சொன்னது.

இந்த எண்களை அப்படியே தூக்கிவந்து சீர்காழிமேல் பொருத்த முடியாது. இங்கே 26.7 டிகிரி என்றால் அது சுகமான நாள். உடல் பழகிய வெப்பம் ஊருக்கு ஊர் வேறுபடும். மேலும், அங்கே அளக்கப்பட்டது மருத்துவமனை வாசலுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை. ஆம்புலன்சும் காப்பீடும் உள்ளவர் வருவதற்கும், கூலியை விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி வருவதற்கும் தூரம் அதிகம். ஆனால் வெப்பம் கூடும்போது தொல்லையும் கூடுகிறது என்ற போக்கு பல நாடுகளிலும் ஒத்துப்போகிறது. காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. அரசுகளுக்கிடையேயான குழுவும், ஆராயப்பட்ட பகுதிகளில் காலநிலை மாற்றம் மனநலத்தைப் பாதித்திருக்கிறது என்று 2022 அறிக்கையில் மிகுந்த உறுதியோடு பதிவு செய்தது.

கத்திரி வெயிலும் மாத்திரையும்

கடலோர டெல்டாவின் கோடை, வேலூர் வெயிலைப் போல் வறட்டு வெயில் அல்ல. காற்றில் ஈரம் நிற்பதால் வியர்வை காயாது. சூரியன் இறங்கிய பிறகும் கான்கிரீட் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் நள்ளிரவு வரை வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். மின்சாரம் போனால் தெருவே திண்ணைக்கு வந்துவிடும். தூக்கம் கெடுவது எல்லோருக்கும் எரிச்சல். இருமுனை மனநோய் உள்ளவருக்கு அது நோய் திரும்புவதற்கான முதல் படி. ஐந்தாறு இரவு சரியாகத் தூங்காத மகன் திடீரென்று அதிகம் பேசத் தொடங்கினால், அனுபவப்பட்ட தாய்க்கு விஷயம் புரிந்துவிடும்.

வெப்பத்தின் இன்னொரு முகம் மருந்துச் சீட்டுக்குள் இருக்கிறது. இருமுனை மனநோய்க்குத் தரப்படும் லித்தியம் ஒரு வகை உப்பு. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து. அதைத் தாண்டினால் நஞ்சு. நடவு வயலில் பகலெல்லாம் வியர்க்கும் ஒருவரின் உடல் தண்ணீரையும் உப்பையும் இழக்கும்போது, சிறுநீரகம் மிச்சமிருக்கும் உப்பைப் பிடித்துவைக்கப் பார்க்கிறது. சோடியத்தோடு லித்தியமும் உள்ளே தங்கிவிடுகிறது. அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் ரத்தத்தில் அளவு ஏறிவிடுகிறது. கை நடுங்கும், வாந்தியோ வயிற்றுப்போக்கோ வரும், நாக்குக் குழறும், நடை தள்ளாடும். சாயங்கால வேளையில் இப்படித் தள்ளாடி வருகிறவரைப் பார்த்தால் ஊர் என்ன முடிவுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஒதுக்கிவிடும் அந்த ஓர் இரவு ஆபத்தானது.

மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் குளோர்புரோமசின், குளோசபின் போன்ற மருந்துகள் உடல் தன் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும் திறனைக் குறைக்கின்றன. பக்கவிளைவைத் தணிக்கக் கூடவே எழுதப்படும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் வியர்வையையே குறைத்துவிடும். 2021 கோடையில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைத் தாக்கிய வெப்ப அலையில் 619 பேர் இறந்தார்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு அந்த நாட்களில் இறப்பு அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. சர்க்கரை நோயையும் இதய நோயையும்விட மனச்சிதைவு அங்கே பெரிய அபாயக் காரணியாக வெளிப்பட்டது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணத்துக்கு வழிசெய்தது. நல்ல முடிவு. தண்ணீர்ப் பந்தல், மோர், பகல் 12 முதல் 3 மணி வரை வெளியே போகாதே என்ற அறிவுரை ஆகியவற்றோடு, மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கென்று இரண்டு வரி அறிவுரையும் சேர வேண்டும். செலவில்லாத காரியம் இது.

தண்ணீர் வராத ஆண்டு

மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது முதல் டெல்டாவின் நாட்காட்டி ஜூன் 12ஐ ஒட்டி நடக்கிறது. அன்று தண்ணீர் திறந்தால் குறுவை உண்டு. இல்லையென்றால் ஒருபோக சம்பாவை நம்ப வேண்டும். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்தத் தேதி தவறியது. 2016இல் அணை திறந்தது செப்டம்பர் 20 அன்று. சீர்காழியும் கொள்ளிடமும் கடைமடை. கல்லணையிலிருந்து வரும் தண்ணீர் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வயல்களை எல்லாம் தாண்டிக் கடைசியாக வந்து சேர வேண்டிய இடம். அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்தது. சம்பா கதிர் வாங்கும் முன்னே கருகியது.

2016 டிசம்பரிலும் 2017 ஜனவரியிலும் டெல்டாவிலிருந்து நாள்தோறும் ஒரே மாதிரிச் செய்தி வந்தது: வயலுக்குப் போன விவசாயி கருகிய பயிரைப் பார்த்து மயங்கி விழுந்து இறந்தார். ஒரே மாதத்தில் 106 விவசாயிகள் இறந்ததாக வந்த செய்திகளின் அடிப்படையில் தேசிய மனித உரிமை ஆணையம் 2017 ஜனவரியில் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஜனவரி 10 அன்று முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தார். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்றும், 17 விவசாயிகளின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் என்றும் அறிவிப்பு வந்தது. 106க்கும் 17க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் இந்த விவாதத்தின் முடிச்சு இருக்கிறது. மாரடைப்பா, தற்கொலையா, முதுமையா, வறட்சியா? அதிர்ச்சியில் இறந்தவரை எந்தக் கணக்கில் எழுதுவது?

அமெரிக்கப் பொருளியலாளர் தாமா கார்ல்டன் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் 1967 முதல் 2013 வரையிலான தற்கொலைப் பதிவுகளையும் வானிலைப் பதிவுகளையும் சேர்த்துவைத்துப் பார்த்தது. பயிர் வளரும் பருவத்தில் 20 டிகிரிக்கு மேற்பட்ட ஒரு நாளில் இன்னும் ஒரு டிகிரி கூடினால் நாடு முழுவதும் ஏறக்குறைய 67 தற்கொலைகள் கூடுகின்றன என்பது அதன் முடிவு. பயிரில்லாத பருவத்தில் அதே வெப்பத்துக்கு அந்த விளைவு இல்லை. பயிர்ப்பருவ மழை கூடினால் தற்கொலை விகிதம் குறைந்தது. இந்த முடிவைக் கேள்விகேட்டு, ஆய்வு வெளிவந்த அதே இதழில் கடிதங்களும் வந்தன. அமெரிக்காவையும் மெக்சிகோவையும் பற்றி 2018இல் வந்த மற்றோர் ஆய்வோ, மாதச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் தற்கொலை விகிதம் முறையே 0.7, 2.1 விழுக்காடு கூடுவதாகவும், அது விவசாயத்தைச் சார்ந்து மட்டும் நடக்கவில்லை என்றும் சொன்னது.

டெல்டாவில் நின்று பார்த்தால் கார்ல்டனின் ஆய்வில் ஓர் இடைவெளி தெரிகிறது. அவர் பயிர்ப்பருவமாகக் கொண்டது தென்மேற்குப் பருவ மாதங்களை. நமக்கு உயிர்ப்பயிர் சம்பா. அது ஆவணியில் தொடங்கித் தையில் முடிகிறது. அதை வாழவைப்பதும் சாகடிப்பதும் வடகிழக்குப் பருவம். மழை கூடினால் துயரம் குறையும் என்ற தேசியச் சராசரியும் இங்கே செல்லாது. ஓர் அளவு வரை மழை வரம். அதற்குமேல் அதே மழை கடன்காரனாகிவிடுகிறது.

தேசியக் குற்றப் பதிவேட்டு எண்களையும் கொஞ்சம் தட்டிப்பார்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். 2022இல் இந்தியாவில் பதிவான தற்கொலைகள் 1,70,924. தமிழ்நாட்டில் 19,834, மாநிலங்களில் இரண்டாமிடம். தொழில்வாரியாகப் பார்த்தால் தினக்கூலிகளே பெருங்கூட்டம், 26.4 விழுக்காடு. நிலமில்லாக் கூலி அந்த வரிசையில் போய்விடலாம். பத்திரமில்லாக் குத்தகைதாரர் விவசாயியாகவே பதிவாகாமல் போகலாம். காரணம் எழுதும் இடத்தில் தீராத வயிற்றுவலி என்று எழுதி முடித்துவிடும் வழக்கத்தைத் தமிழ்ப் பத்திரிகை படிக்கும் எவரும் அறிவார்.

தண்ணீர் மிஞ்சிய ஆண்டு

2022 வெள்ளத்தைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்கலாம். ஐப்பசிக் கடைசியில் சம்பா நாற்று நட்டு இருபது நாளும் இருக்கலாம், நாற்பது நாளும் இருக்கலாம். உழவு, விதை, நாற்றங்கால், நடவு கூலி, முதல் களை, அடியுரம் என்று செலவில் பெரும்பகுதி அதற்குள் மண்ணில் இறங்கிவிட்டது. வரவு ஒரு பைசா கிடையாது. அந்த நேரத்தில் பயிர் தலைமுழுக மூழ்குகிறது. ஒரு நாளில் வடிந்தால் பிழைக்கும். நாலைந்து நாள் நின்றால் தண்டு குழைந்து வயல் நாறத் தொடங்கும். உப்பனாறும் வடிகால்களும் திருமுல்லைவாசல் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். புயல் காற்றிலும் ஓதத்திலும் கடல் தண்ணீரை வாங்காது, திருப்பித் தள்ளும். விவசாயி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாத நாட்கள் அவை.

முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நவம்பர் 14 அன்று வந்து பார்த்து, சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களின் குடும்ப அட்டைதாரர்களுக்குத் தலா 1,000 ரூபாய் அறிவித்தார். தப்பிய பயிர் அறுவடைக்கு நின்றபோது 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தவறிய மழை மறுபடி வந்தது. நெல்லில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் வாங்கமாட்டார்கள். 20 விழுக்காடு வரை மத்திய அரசு தளர்த்த வேண்டியிருந்தது. 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான வயலுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது.

இந்தப் பணம் யார் கைக்குப் போகும் என்பதைப் பொறுத்தே மனநலக் கணக்கும் அமைகிறது. டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் வெளியூர் மிராசு நிலமும் குத்தகையில் ஓடுகின்றன. நிவாரணத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் சிட்டா, அடங்கல் வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்காரருக்கு அடங்கல் கிடைக்க கிராம நிர்வாக அலுவலரின் தயவும் நிலக்காரரின் சம்மதமும் தேவை. வயலில் போட்ட காசு ஒருவருடையது, வரும் நிவாரணம் வேறொருவருடையது என்ற நிலை அபூர்வமல்ல. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களுக்கு இழப்பீட்டுப் பட்டியலில் இடமே இல்லை. வேலை நின்ற வாரத்திலும் குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்டியாக வேண்டும்.

வெள்ளத்துக்குப் பின்னான மனநிலையை நன்றாக அளந்த ஆய்வு இங்கிலாந்திலிருந்து வருகிறது. 2013-14 குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தவர்களை ஏறக்குறைய ஓராண்டு கழித்து விசாரித்தபோது, 20 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வும் 28 விழுக்காட்டினரிடம் பதற்றமும் 36 விழுக்காட்டினரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அறிகுறிகளும் இருந்தன. வீட்டுக்குள் தண்ணீர் வராமல் சாலையும் மின்சாரமும் மட்டும் துண்டிக்கப்பட்டவர்களிடமும் பாதிப்பு கூடியிருந்தது. வீட்டுச் சேதம் தீராமல் இழுத்தவர்களுக்கு மூன்று ஆண்டு கழித்தும் அது முற்றாக விலகவில்லை. காப்பீடும் நஷ்டஈடும் பலமாக உள்ள நாட்டில் இது நிலை. கொள்ளிடம் ஆற்றுக்குள் இருக்கும் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் போன்ற படுகைக் கிராமங்களில் மேட்டூர் உபரிநீர் பெருகும் ஆண்டுகளில் எல்லாம் மக்கள் மூட்டைமுடிச்சோடு கரையேறுகிறார்கள். மூன்று ஆண்டிலும் முழுதாக ஆறாத காயம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கிளறப்பட்டால் என்ன ஆகும் என்பதை அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.

சுனாமி விட்டுச்சென்ற பாடம்

சுனாமி வானிலைச் சம்பவம் அல்ல. ஆனால் பேரிடருக்குப் பின் மனநல உதவியை ஊர் எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதை இந்தக் கடற்கரை அதிலிருந்தே கற்றுக்கொண்டது. 2004 டிசம்பர் 26 அன்று அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். சீர்காழி வட்டத்தின் மீனவக் கிராமங்கள் அந்த மாவட்டத்தில் இருந்தவை. சீர்காழியை உள்ளடக்கிய மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பரில். தமிழ்நாட்டு மீனவக் கிராமம் ஒன்றில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு, 12.7 விழுக்காட்டினரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் இருந்ததாகக் கணித்தது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் குழுக்கள் அப்போது மருத்துவர்களை மட்டும் நம்பி இறங்கவில்லை. உள்ளூர்ப் பெண்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பின. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பும், உறவுகளைப் பறிகொடுத்த மீனவக் குடும்பங்களிடம் பயிற்சி பெற்ற தொண்டர்களை அனுப்பி, தொடர்ந்து போய்ப் பேசியதால் மனச்சோர்வு குறைந்ததைப் பதிவு செய்தது. மனநல மருத்துவரைத் தேடிப் போகாத ஊர், தன் வாசலில் வந்து உட்காரும் பெண்ணிடம் மனம்விட்டுப் பேசும். சுனாமி தந்த இந்தப் பாடம் 2022 வெள்ளத்துக்கும் பொருந்தும்.

பதிவேட்டில் ஏறாதவர்கள்

பெருமழை நாளில் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பதிவேட்டைத் திறந்தால் மனநலப் பிரிவில் கூட்டம் குறைந்திருக்கும். அதை வைத்து மழையில் மனநோய் குறைகிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வருகையை வைத்தே தேவையை அளக்கும் எந்த ஆய்வும் இந்தத் தவறின் ஓரத்தில்தான் நிற்கிறது. நடவு நாளில் கூலி போகும் என்று வராதவர் உண்டு. பேருந்து இல்லாமல் வராதவர் உண்டு. கையில் காசு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தை வரை தள்ளிப்போட்டவர் உண்டு.

வராததன் விலை மாத்திரையில் தெரியும். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் குறிப்பிட்ட நாளில் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்து பார்ப்பார், மாத்திரை கொடுப்பார். அந்த நாள் மழையில் போனால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். கூரை வீட்டின் எரவாணத்தில் பாலித்தீன் பைக்குள் செருகிவைத்த மாத்திரை அட்டையும் மருந்துச் சீட்டும் வெள்ளத்தில் போய்விட்டால், முகாமில் இருக்கும் பொது மருத்துவரிடம் பெயரைச் சொல்லக்கூடத் தெரியாது. வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் மாத்திரை பாதி என்பதற்குமேல் விவரம் வராது. மனச்சிதைவுக்கும் வலிப்புக்கும் சாப்பிடும் மாத்திரை சடாரென்று நின்றால் சில நாட்களிலோ வாரங்களிலோ நோய் திரும்பும். வெள்ளம் வடிந்து ஊர் நிம்மதியான பிறகு கூட்டம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சிக்கலுக்கு அடியில் இன்னும் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்கள் சேர்க்கப்பட்டன. பெரியவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகவும், அவரவர் நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரையானோருக்கு முறையான சிகிச்சை கிடைக்கவில்லை என்றும் அது சொன்னது. வானிலை நல்ல நாளிலேயே நிலைமை இதுதான்.

ஆஸ்பத்திரிக்கு வராதவர்கள் எங்கேயும் போகாமல் இல்லை. சீர்காழியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வைத்தீஸ்வரன்கோயில் இருக்கிறது. தீராத நோய்க்கெல்லாம் வேண்டுதல் வைக்கும் தலம். மனநோய்க்கென்றே திருச்சி பக்கம் குணசீலத்தில் 48 நாள் தங்கவைக்கும் வழக்கம் உண்டு. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைக் கவனித்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, அவர்களின் நோய் அறிகுறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்ததைப் பதிவு செய்தது. அன்பும் அமைதியும் உள்ள இடம் என்பதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதே தமிழ்நாட்டில், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி எரிந்துபோனார்கள். ஊரின் அடைக்கலத்தை மதிக்கலாம்; சங்கிலியை மன்னிக்க முடியாது.

என்ன செய்யலாம்

இதுவரை பார்த்த ஆய்வுகள் ஒரு முடிவை நோக்கியே போகின்றன. வானிலையால் வரும் மனநலத் தேவையைப் பெரும்பாலும் முன்கூட்டியே கணிக்க முடியும். கத்திரி எப்போது என்று பஞ்சாங்கமே சொல்கிறது. வடகிழக்குப் பருவம் எந்த மாதம் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மேட்டூரில் எத்தனை அடி என்பது நாள்தோறும் செய்தி. ஆகவே மனநலத் திட்டத்தையும் டெல்டாவின் நாட்காட்டியோடு சேர்த்துத் தைக்கலாம்.

புரட்டாசி முடிவதற்குள், தொடர்ந்து மருந்து சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துவிடலாம். அளவுக்கு மீறி எடுத்துக்கொள்ளும் ஆபத்து உள்ளவர் வீட்டில் மட்டும் அதைக் குடும்பத்தார் பொறுப்பில் வைக்கச் சொல்ல வேண்டும். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தால் முகாமில் உதவும். அதன் படத்தை வீட்டாரின் செல்போனில் எடுத்துவைப்பது இன்னும் நல்லது. சித்திரை தொடங்கும்போது லித்தியம் சாப்பிடுகிறவர்களின் ரத்த அளவைப் பார்த்துவிட வேண்டும். வெள்ள முகாம்களுக்குப் போகும் மருத்துவக் குழுவில் மனநலப் பணியாளர் ஒருவர் இருக்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்களுக்கும் தூக்கம், பசி, பேச்சு பற்றிய நாலைந்து கேள்விகளைச் சொல்லிக்கொடுக்கலாம். சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறவரிடம் மக்கள் இதையும் சொல்வார்கள்.

மருத்துவமனைக்கு வெளியே செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்த திட்டம் தற்கொலை விகிதத்தை ஏறக்குறைய 18 விழுக்காடு குறைத்ததாகவும், மழை பொய்த்த இடங்களில் விளைவு தெளிவாக இருந்ததாகவும் 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. பயிர் நிவாரணம் பொங்கலுக்கு முன்னால் குத்தகைதாரர் கைக்கே போய்ச் சேர்ந்தால், அது எந்த மாத்திரைக்கும் குறைந்த மருந்தல்ல. இலங்கை, கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்து, 1995க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் தன் தற்கொலை விகிதத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தது. கொள்ளிடத்துக்கு அக்கரையில், காட்டுமன்னார்கோயில் வட்டாரக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் முறையைச் சிநேகா அமைப்பினர் சோதித்துப் பார்த்தார்கள். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அக்கரையில் முடிந்தது இக்கரையிலும் முடியும்.

சட்டமும் துணை நிற்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. வழக்குக்குப் பயந்து உண்மையை மறைக்க வேண்டிய தேவை குடும்பங்களுக்கு இல்லை. மனம் கனத்துப்போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலோ 104இலோ எந்த நேரமும் தமிழில் பேசலாம். இந்த இரு எண்களும் ஒவ்வொரு நேரடிக் கொள்முதல் நிலையத்திலும், கூட்டுறவுச் சங்க வாசலிலும், உரக்கடையிலும் எழுதப்பட வேண்டும்.

வானிலையை எந்த மாவட்ட நிர்வாகமும் மாற்ற முடியாது. நிவாரணம் தாமதமாவதையும், குத்தகைதாரர் விடுபடுவதையும், மாத்திரை தீர்ந்துபோவதையும் மாற்ற முடியும். சீர்காழியில் அடுத்த பெருமழைக்குப் பிறகு ஊழியர்கள் கொண்டுவரும் சேதப் படிவத்தில், வீட்டில் தூங்காதவர் யார், மாத்திரை நின்றுபோனவர் யார் என்ற இரண்டு கேள்விகளாவது சேர்ந்திருக்க வேண்டும். அதைச் சேர்ப்பதற்கு ஓர் அரசாணை போதும்.